எங்க ஊரைப் பற்றி எழுத ஒரு ஃபெல்லோஷிப்

2016-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மகள் அப்போது எட்டாம் வகுப்பு. மறுநாள் இந்திப் பரீட்சை. மயூர் விஹார் வீட்டில் நான் காப்பியும் கையுமாக உட்கார்ந்திருக்க, உள்ளேயிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அப்பா, புதுக்கோட்டைங்கறது உங்க ஊரா?"

என் ஊர் முதுகுளத்தூர் பக்கம். புதுக்கோட்டை தொண்டைமான் சீமை, நாங்கள் சேதுபதி சீமை. ஆனால் டெல்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு திருச்சிக்குத் தெற்கே இருப்பதெல்லாம் 'அப்பா ஊர்'தான். அதைத் திருத்தப் போனால் பரீட்சை கெட்டுவிடும் என்று, "பக்கத்து ஊரும்மா, ஏன் கேக்கறே?" என்றேன்.

புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். என்.சி.இ.ஆர்.டி.யின் 'வசந்த்'. பாடத்தின் பெயர் 'ஜஹாம் பஹியா ஹை'. சக்கரம் இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட கதை. எழுதியவர் பெயர் பி. சாய்நாத். ஆங்கிலத்தில் எழுதியதை இந்தியில் மொழிபெயர்த்துப் போட்டிருந்தார்கள்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அந்தப் பெயருக்கும் எனக்கும் என் சித்தப்பாவுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மகளுக்குப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ராத்திரி பரண்மேல் ஏறி அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கொசுவர்த்தி. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

முதலில் ஃபெல்லோஷிப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்டால் டாக்டர் பட்ட ஆராய்ச்சிதான் ஞாபகத்துக்கு வரும். பத்திரிகைக்காரர்களுக்கும் அது உண்டு. விருது என்பது எழுதி முடித்த பிறகு கொடுப்பது. ஃபெல்லோஷிப் என்பது எழுதுவதற்கு முன்னால் கொடுப்பது. "இன்ன விஷயத்தை இத்தனை மாதம் அலைந்து எழுதப்போகிறேன், பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கொடுங்கள்" என்று கேட்பது. கொடுக்கிறவர் உண்மையில் கொடுப்பது பணமல்ல, நேரம்.

இதில் இரண்டு வகை. ஒன்று, வேலையிலிருந்து விடுவித்துப் படிக்க அனுப்புவது. அமெரிக்காவில் ஹார்வர்டில் 1938-ல் தொடங்கிய நீமன் ஃபெல்லோஷிப் அப்படிப்பட்டது. மில்வாக்கியில் பத்திரிகை நடத்திய லூசியஸ் நீமன் இறந்தபின், அவர் மனைவி ஆக்னஸ் எழுதிவைத்த சொத்திலிருந்து பிறந்தது. இரண்டாவது வகை, நூலகத்துக்கு அனுப்பாமல் தெருவுக்கு அனுப்புவது. யாரும் போகாத இடத்துக்குப் போ, யாரும் எழுதாததை எழுது என்பது. நம் கதை இரண்டாவது வகை.

நம் நாட்டில் அதன் பெரிய உதாரணம் 1993-ல் நடந்தது.

சாய்நாத் சென்னையில் பிறந்தவர். லயோலா கல்லூரி, பிறகு டெல்லி ஜே.என்.யூ.வில் வரலாறு. ஜனாதிபதியாக இருந்த வி.வி. கிரியின் பேரன். 1980-ல் யு.என்.ஐ. செய்தி நிறுவனத்தில் சேர்ந்து, பிறகு பம்பாயில் 'பிளிட்ஸ்' வாரப் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தார். வெளிநாட்டு விவகாரமெல்லாம் எழுதிக்கொண்டு சௌக்கியமாக இருந்திருக்கலாம்.

1991-ல் பொருளாதாரக் கொள்கை மாறியது. கூடவே பத்திரிகைகளும் மாறின. பங்குச் சந்தைக்குத் தனிப் பக்கம் வந்தது, சினிமாக்காரர் வீட்டு விருந்துக்குத் தனிப் பக்கம் வந்தது. விவசாயத்துக்கென்று முழுநேர நிருபர், தொழிலாளர் பிரச்சினைக்கென்று முழுநேர நிருபர் என்ற வேலைகளே பெரிய பத்திரிகைகளில் காணாமல் போயின என்று சாய்நாத் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சமயத்தில்தான் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' கொடுத்த ஒரு ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பித்தார். நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களுக்குப் போய் எழுதுகிறேன் என்றார்.

நேர்காணலில் நடந்ததாக ஒரு பேச்சு உண்டு. "எங்கள் வாசகர்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று ஓர் ஆசிரியர் கேட்டாராம். அவர்கள் சார்பில் பேசுகிறீர்களே, கடைசியாக உங்கள் வாசகரை எப்போது சந்தித்தீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டாராம். நாமெல்லாம் இன்டர்வியூவில் இப்படிப் பேசினால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அவருக்குக் கிடைத்தது.

ஐந்து மாநிலம், பத்து மாவட்டம் என்பது கணக்கு. ஒரிசாவில் காளஹண்டி, நுவாபடா, கோராபுட், மல்காங்கிரி. அன்றைய பீகாரில் பலாமு, கோடா. மத்தியப் பிரதேசத்தில் சுர்குஜா, ஜாபுவா என்று பட்டியல் போகும். தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: புதுக்கோட்டை, ராமநாதபுரம். (பலாமுவும் கோடாவும் இப்போது ஜார்க்கண்டில், சுர்குஜா சத்தீஸ்கரில்.) கிட்டத்தட்ட 1 லட்சம் கிலோமீட்டர் சுற்றினார். 16 வகை வாகனங்களில் போனார். நடந்தே போனது மட்டும் 5,000 கிலோமீட்டர். 18 மாதங்களில் 84 கட்டுரைகள் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் வெளிவந்தன. 1996-ல் அவற்றில் பலவும் புத்தகமாயின: 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்'. நல்ல வறட்சி வந்தால் எல்லாருக்கும் பிடிக்கும் என்று அர்த்தம்.

தலைப்புக்குக் காரணம் உண்டு. பலாமுவில் வறட்சி நிவாரணத்துக்கு ஜனங்கள் வைத்திருந்த பெயர் 'தீஸ்ரி ஃபசல்'. மூன்றாம் போகம். முதல் இரண்டு போகம் விவசாயிக்கு. மூன்றாவது போகம் நிவாரணப் பணம். அறுப்பவர்கள் மட்டும் வேறு ஆட்கள்: காண்ட்ராக்டர், அதிகாரி, அரசியல்வாதி. காளஹண்டி என்றால் பஞ்சம் என்று நாடே நினைத்துக்கொண்டிருந்தபோது, அங்கே சாதாரண வருஷத்தில் 1,250 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று இவர் எழுதினார். எங்கள் ராமநாதபுரத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு பெய்தாலே பெரிய விஷயம். அப்படியானால் பட்டினிக்குக் காரணம் வானம் இல்லை. நிலம் யார் கையில், தண்ணீர் யார் கையில், கடன் யார் கையில் என்பதுதான்.

சில கட்டுரைகளைப் படித்தால் சிரிப்பு வரும், சிரித்த பிறகு வெட்கமாக இருக்கும். நுவாபடா பக்கம் கரியார் என்ற ஊரின் பெயரில் ஒரு நல்ல நாட்டுக் காளை இனம் இருந்தது. 1978-ல் ஒரு திட்டம் வந்தது. ஏழைகளுக்குப் பசு கொடுத்து, ஜெர்சி விந்து போட்டு, பால் ஆறாக ஓடப்போகிறது என்றார்கள். கலப்பு வந்துவிடக் கூடாது என்று அந்த வட்டாரத்து நாட்டுக் காளைகளையெல்லாம் காயடித்தார்கள். இரண்டு வருஷம், இரண்டு கோடி ரூபாய். பிறந்த கலப்பினக் கன்றுகள் எட்டு. காளை இனம் போயே போய்விட்டது. சுர்குஜாவில் பழங்குடி மேம்பாட்டுக்கு வந்த 17.44 லட்சம் ரூபாயில், ஒரே ஒரு பஹாடி கோர்வா குடும்பம் இருந்த ஊருக்கு 3 கிலோமீட்டர் ரோடு போட்டார்கள். அந்தக் குடும்பம் கேட்டதோ கொஞ்சம் தண்ணீர். கோராபுட்டில் சிக்கபார் என்ற கிராமம். 1968-ல் மிக் விமானத் தொழிற்சாலைக்காக வெளியேற்றப்பட்டது. போன இடத்தில் மறுபடி ஊரை உண்டாக்கிக்கொண்டார்கள், அதே பெயரை வைத்தார்கள். 1987-ல் அணைத் திட்டத்துக்காக மறுபடி கிளப்பினார்கள். மூன்றாம் முறையும் தாக்கீது வந்துவிட்டது என்று எழுதினார். கோடாவில் 250 கிலோ நிலக்கரியைச் சைக்கிளில் கட்டி 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டு போகிறவர்கள், நாள் ஒன்றுக்குச் சம்பாதித்தது 10 ரூபாய் அளவுக்குத்தான்.

*

இப்போது என் கதை.

நான் 1996-ல் டெல்லிக்கு வந்தேன். இந்தப் புத்தகத்தை அடுத்த வருஷம் வாங்கினேன். சமூக அக்கறை என்றெல்லாம் இல்லை. பொருளடக்கத்தில் ராம்நாட் என்று பார்த்தேன், வாங்கிவிட்டேன். ஆபீசில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் அப்போதெல்லாம் "மதுரைக்குப் பக்கம்" என்றுதான் சொல்வேன். ராமநாதபுரம் என்று சொன்னால், தமிழ் தெரிந்தவர்கள் "ஓ, தண்ணியில்லாக் காடா?" என்பார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் தப்புச் செய்தவர்களைத் தூக்கி அடிக்கிற ஊர். அந்தச் சிரிப்பைத் தவிர்க்க மதுரையை இரவல் வாங்கிக்கொண்டேன்.

1998 கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சித்தப்பாவுக்குக் காட்டத்தான்.

சித்தப்பா ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம். சம்பளம் கிடையாது. வெளியான செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து, இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை ரூபாய். அதைவிட விளம்பரம் பிடித்துக்கொடுத்தால் வரும் கமிஷன்தான் பெரிசு. கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா, திருமண வாழ்த்து. ஒரு பழைய டி.வி.எஸ். ஃபிஃப்டி, கக்கத்தில் ரெக்ஸின் பை. ஆனால் அந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தக் கண்மாய்க்கு எத்தனை மடை, எந்த வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்தக் காண்ட்ராக்டர் எந்த ஆண்டு தூர் வாரியதாகப் பில் போட்டான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். நான் திண்ணையில் உட்கார்ந்து படித்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதலில் பனையேறிகள் பற்றியது. எங்கள் மாவட்டத்துப் பனையேறி ஒருவர் தினம் குறைந்தது 40 மரம் ஏறுகிறார், சில மரங்களில் ஒரு தடவைக்கு மேல். ஏறி இறங்கும் உயரத்தைக் கூட்டினால் ஒரு நாளைக்கு 5,000 அடி. தினம் ஒரு டஜன் மாடிக் கட்டடம் என்று தலைப்பு. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கணக்கு சரிதான் தம்பி. நாமளும் சின்னப்புள்ளையில இருந்து பாக்குறோம். ஒருத்தனாச்சும் கூட்டிப் பாத்தோமா?"

அடுத்தது மிளகாய்த் தரகர்கள் பற்றியது. இதை எனக்குப் படிக்கவே வேண்டியதில்லை. எங்கள் அப்பாவே குண்டு மிளகாய் போட்டவர். நாற்றுப் பாவும்போதே தரகரிடம் முன்பணம் வாங்கியாயிற்று. வாங்கிவிட்டால் பழத்தை அவர் கமிஷன் மண்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சாம்பிள் என்று மூட்டைக்கு இரண்டு கை அள்ளுவார்கள், அது கணக்கில் வராது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விற்கிற அப்பா பக்கத்தில்தான் நிற்பார், அவர் மிளகாய் என்ன விலைக்குப் போயிற்று என்று அவருக்கே தெரியாது. பணத்தை எடுத்துக்கொண்டு, கடனைக் கழித்துக்கொண்டு, மிச்சம் என்று கொஞ்சம் கொடுப்பார்கள். அந்த மிச்சத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அந்தத் தரகர் ராஜ்யத்தை ஆங்கிலத்தில், பம்பாய்ப் பத்திரிகையில், ஒருவர் உடைத்து எழுதியிருந்தார்.

படித்து முடித்தபோது சித்தப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்.

"இது எல்லாம் எனக்கும் தெரியுமேடா தம்பி. நான் ஏன் எழுதல?"

பதிலையும் அவரே சொன்னார். அவர் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுப்பதே மிளகாய் மண்டிக்காரர்கள்தான். சரி, விளம்பரம் இல்லாத விஷயத்தை எழுதினால்? கண்மாய் ஏன் பெருகவில்லை என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினால், 'குடிநீர் கேட்டு காலிக் குடங்களுடன் பெண்கள் மறியல்' என்று மூன்று வரியாக வரும். மறியல் நடந்தால் செய்தி. மறியல் எதனால் நடந்தது என்பது செய்தியில்லை.

சாய்நாத் புத்தகம் முழுக்கச் சொல்வதும் இதுதான். நம் பத்திரிகைகள் நிகழ்ச்சியை எழுதுகின்றன, நிகழ்கிற முறையை எழுதுவதில்லை. வெள்ளம் வந்தால், வெயிலில் செத்தால், பிள்ளையை விற்றால் ஓடிவரும் கேமரா. அது நடப்பதற்கு முன்னால் இருபது வருஷமாக நடந்துகொண்டிருப்பதைப் பார்க்க ஆள் இல்லை. சித்தப்பா ஆங்கிலம் படிக்காமலே அதை 'மூணு வரி' என்று சொல்லிவிட்டார்.

"இந்த மனுசனுக்கு யாரு காசு கொடுத்தா?" என்று கேட்டார். ஃபெல்லோஷிப் என்றேன். விளக்கினேன். "நம்மள மாதிரி ஆளுக்கெல்லாம் கொடுப்பாகளா?"

கொடுப்பார்கள் என்றேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

*

விசாரித்தேன், அதில் குறையில்லை. அந்த வருஷங்களில் டெல்லியில் இந்த மாதிரி உதவித்தொகைகள் பல முளைத்திருந்தன. நேஷனல் ஃபவுண்டேஷன் ஃபார் இந்தியா என்று 1992-ல் தொடங்கிய ஓர் அமைப்பு. நம் சி. சுப்பிரமணியமும் எம்.எஸ். சுவாமிநாதனும் அதை நிறுவியவர்களில் உண்டு. பத்திரிகைக்காரர்களுக்கு இந்த மாதிரி உதவித்தொகை கொடுக்கிறவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். சுற்றுச்சூழல் பற்றி எழுத சி.எஸ்.இ. அமைப்பு கொடுத்தது. 1965 போரைப் பற்றி எழுதிய 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' நிருபர் பிரபா தத் பெயரில் பெண் பத்திரிகையாளர்களுக்கென்று ஒன்று இருந்தது. இவை தவிர இன்னும் சில சின்ன அறக்கட்டளைகள்.

அதில் ஒன்றின் அறிவிப்பை நகலெடுத்துச் சித்தப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

மூன்றாவது வாரம் கனமான கவர் வந்தது. பதினோரு பக்கம், கோடு போட்ட தாளில், நீல மையில். ஒரு கண்மாயை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு கண்மாய், ஒரு வருஷம். மழைக்கு முன்னால் வரத்துக்காலில் நடந்து போவேன். எந்த இடத்தில் யார் அடைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். தண்ணீர் வந்தால் நீர்க்கட்டியோடு மடையில் இருப்பேன். வராவிட்டால் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களோடு இருப்பேன். கோடையில் ஊரைவிட்டு முறுக்குக் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்களோடு போவேன். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு கட்டுரை. கடைசியில், "தம்பி, இதை நீ இங்கிலீசில் ஆக்கி, டைப் அடித்து, கொடுத்துவிடவும். கடைசித் தேதி 30 என்று போட்டிருக்கிறது" என்று இருந்தது.

விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இன்னொரு விதி.

நண்பர்களே, எனக்கு அப்போது புது வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருவேன். அடுத்த சனிக்கிழமை உட்காரலாம் என்று வைத்தேன். அந்தச் சனிக்கிழமை ஆபீஸ். அடுத்த சனிக்கிழமை யாரோ ஊரிலிருந்து வந்தார்கள், தாஜ்மஹால் காட்டக் கூட்டிப்போனேன். 30-ம் தேதி போயே போய்விட்டது. 2-ம் தேதிதான் கவரை எடுத்தேன்.

அவருக்கு எஸ்.டி.டி. போட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "அனுப்பிட்டேன் சித்தப்பா, அவங்க பெரிய பேப்பர் ஆளுங்களுக்குத்தான் கொடுப்பாங்க போலிருக்கு, பாக்கலாம்" என்று சொன்னேன்.

அவர் ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு கேட்கவில்லை. 2011-ல் போய்விட்டார். இதை இப்போதுதான் முதல் தடவையாக யாரிடமோ சொல்கிறேன்.

*

அவருக்குக் கிடைத்திருக்குமா என்றால், தெரியாது. கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் நான் பின்னால் இந்த உதவித்தொகைகளின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்ததற்குக் காரணம் அந்தக் கவர்தான். படித்ததில் எனக்குப் புரிந்த சில விஷயங்கள்.

ஒன்று, இந்தப் பணத்தால் பலன் உண்டு. சாய்நாத்தின் கட்டுரைகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் வறட்சி நிவாரண வேலைகளை மாற்றி அமைத்தார்கள். மல்காங்கிரியில் நாட்டு வைத்தியம் பற்றிய கொள்கை வந்தது. ஒரு நிருபருக்கு ஒன்றரை வருஷம் பஸ் காசு கொடுத்ததற்கு இது மலிவுதான்.

இரண்டு, நல்லதையும் எழுத நேரம் வேண்டும். மகளின் பாடம் அப்படித்தான் பிறந்தது. புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள். கொஞ்ச காலத்தில் மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல், அதாவது 1 லட்சத்துக்கும் அதிகமானோர், சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. வறட்சியைத் தேடி வந்த ஆள் இதையும் நின்று பார்த்தார் என்றால், அவசரமாக ரயிலைப் பிடிக்கும் கட்டாயம் அவருக்கு இல்லை.

மூன்றாவதுதான் என்னைச் சுட்டது. இந்தக் காசு ரொம்ப காலம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். உள்ளூர்க்காரர் வழி காட்டுவார், பெயர் சொல்லுவார், மொழிபெயர்த்துச் சொல்லுவார். கட்டுரை வெளிவரும்போது இவர் அதில் இருக்கமாட்டார். சாய்நாத் இதை உணர்ந்திருந்தார் என்பது என் எண்ணம். அந்தப் புத்தகத்தின் ராயல்டியை எடுத்து, கிராமப்புறத்தில் இருந்துகொண்டு எழுதும் பத்திரிகையாளர்களுக்குக் 'கவுண்டர்மீடியா' என்று பரிசு கொடுத்தார். 2007-ல் மகசேசே விருது வாங்கினார். 2014 டிசம்பரில் 'பாரி' என்ற கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் காப்பகத்தை இணையத்தில் தொடங்கினார். அதில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கட்டுரைகள் வருகின்றன.

உலக அளவிலும் இந்தத் திருப்பம் நடந்தது. வாஷிங்டனில் 2006-ல் தொடங்கிய புலிட்சர் மையம் முதலில் இங்கிருந்து அங்கே நிருபர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. 2010-ல் மறைந்த பெர்செஃபனி மீல் என்ற ஊடகப் பணியாளர் பெயரில் பிறகு ஓர் உதவித்தொகை வைத்தார்கள். அமெரிக்காவுக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் வெளியே இருக்கிறவர்களுக்கு மட்டும். அவர்கள் தங்கள் சொந்த நாட்டில், யாரும் கவனிக்காத விஷயத்தை எழுத வேண்டும். விருந்தாளி எழுதியது போதும், வீட்டுக்காரர் எழுதட்டும் என்பது அதன் சாரம்.

தமிழ்நாட்டுக்கும் அது வந்தது. அபர்ணா கார்த்திகேயன் நேஷனல் ஃபவுண்டேஷன் ஃபார் இந்தியாவின் 2015-ம் வருஷ ஊடக உதவியில், நம்மூரில் அழிந்துவரும் தொழில்களைப் பற்றி வரிசையாக எழுதினார். 2019-ல் 'நைன் ருப்பீஸ் அன் அவர்' என்ற புத்தகமாக வந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒன்பது ரூபாய். அதே 2019-ல் 'பாரி'யின் ஃபெல்லோவாக இருந்தவர் எம். பழனி குமார். மதுரைப் பக்கத்துக்காரர், 'கக்கூஸ்' ஆவணப் படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகரில் கடலுக்குள் மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் படம் பிடித்து எழுதினார். அதைத் தமிழிலேயே படித்தேன். கையில் துணி சுற்றிக்கொண்டு, வலைப் பையோடு கடலுக்குள் இறங்கும் அந்த அக்காக்கள் பேசுவது எங்கள் ஊர்ப் பேச்சு. 1993-ல் ஆங்கிலத்தில் வந்த மாவட்டம், 26 வருஷம் கழித்துத் தமிழில் என்னிடம் திரும்பி வந்தது.

குறையும் உண்டு. ஃபெல்லோஷிப் முடியும், பிரச்சினை முடியாது. ஒரு வருஷம் காசு கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் வேறு தலைப்புக்குப் போய்விடுவார்கள். சென்டிமீட்டர் கணக்கில் எழுதும் நிருபர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாராவது பெரிய மனிதரைப் பகைத்துக்கொண்டால் அவர்களுக்குப் பின்னால் நிற்க யாரும் இல்லை. அன்றாடம் பத்திரிகை செய்ய வேண்டிய வேலையை, அறக்கட்டளை காசு கொடுத்துச் செய்யவைக்க வேண்டியிருக்கிறதே என்பதே பெரிய குறைதான்.

*

பரீட்சை முடிந்த அன்று மகளுக்கு அந்தப் பதினோரு பக்கத்தைக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், சித்தப்பாவுக்கு ஆங்கிலம் வந்தது மாதிரி. "இது யாருப்பா?" என்றாள். உன் சின்னத் தாத்தா என்றேன். "இவரும் ரைட்டரா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

போன வருஷம் ஊருக்குப் போனபோது சித்தி பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். "பழைய பேப்பர்க்காரன் கேட்டான், நீ வந்தா பாக்கட்டும்னு வச்சிருந்தேன் தம்பி" என்றார். உள்ளே நாற்பதுக்கு மேல் டைரிகள். மில்லும் வங்கியும் புத்தாண்டுக்கு இனாமாகக் கொடுக்கும் டைரிகள். 1999-ம் வருஷ டைரியைத் திறந்தேன். ஜனவரியிலிருந்து டிசம்பர்வரை ஒரே கண்மாய். வரத்துக்கால், மடை, கரிமூட்டம், யார் யார் எங்கே வேலைக்குப் போனார்கள், கூலி எவ்வளவு. காசு வராமலே எழுதியிருக்கிறார். நான் அனுப்பவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று அதில் எங்கேயும் இல்லை.

அந்தக் கண்மாயின் பெயரையும் ஊரையும் இங்கே சொல்லப்போவதில்லை, அதில் வரும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் டைரியைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் இரண்டு பக்கம். இப்போது மார்ச் மாதத்தில் இருக்கிறேன். வேலை மெதுவாகத்தான் போகிறது, அவர் கையெழுத்து அப்படி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சித்தப்பா, மாமா, வாத்தியார் இருந்திருப்பார். ஊரில் ஒரு கவரோ பெட்டியோ இருக்கலாம். அடுத்த தடவை போகும்போது, பழைய பேப்பர்க்காரருக்கு முன்னால் போய்விடுங்கள்.

ஆங்... இன்னொன்று. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆபீசில் இப்போது யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால், மதுரைக்குப் பக்கம் என்று சொல்வதில்லை.